மரியம்பீ மாமி கேட்ட அவகாசம்

வானொலிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, பதிவை எந்த மென்பொருளில் வெட்டுவது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு ஆள் இருக்கிறது. என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். ஓய்வு பெற்றவள் வந்து இரண்டு நல்ல வார்த்தை பேசிவிட்டுப் போவாள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை பிறகு பார்க்கலாம். எனக்கு இன்னும் ஆறாத ஒரு கோபம் இருக்கிறது, முதலில் அதைக் கேளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில் நடந்தது. மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் மாடியில் எங்கள் நிலையம் இருந்தது. இணைய வானொலி. போனில் செயலியைத் திறந்தால் கேட்கலாம், பிடித்ததை வெட்டி வாட்ஸப்பில் அனுப்பலாம். பெரும்பாலும் மலையாளம்தான். தினம் மாலையில் கொஞ்ச நேரம் தமிழ். நான் மலையாளச் செய்திகளைப் பார்த்துக்கொண்டேன். வீட்டில் தமிழ் பேசுகிறவள்தான் என்றாலும் தமிழ்ப் பிரிவு என் கையில் இல்லை. அதற்குத் தனிப் பொறுப்பாளர் இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், நல்ல குரல், இங்கே வந்து வருஷங்கள் ஆகியும் மலையாளத்தில் ஓர் எழுத்து படிக்கத் தெரியாதவர். தெரியாதது தப்பில்லை. தெரியாததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார், அதுதான் எனக்குப் பொறுக்காது.

அந்த வருஷம் ஒரு அறக்கட்டளை பணம் கொடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கோடைகால வானொலிப் பயிற்சி என்று அறிவித்தார்கள். தமிழ்ப் பிரிவுக்கு ஐந்து பேர் வந்தார்கள். எல்லாருமே வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். பேசச் சொன்னால் பொரிந்து தள்ளுவார்கள், தமிழில் எழுதச் சொன்னால் விழிப்பார்கள். கொச்சியில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் அப்படித்தான். அவர்களை எடுப்பதற்கு முன்பே இது எல்லாருக்கும் தெரியும்.

முதல் நாள் குரல் பரிசோதனை. கார்த்திக் என்று ஒரு பையன் மைக் முன்னால் உட்கார்ந்தான். அவன் அப்பா திண்டுக்கல் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். பையன் பிறந்து வளர்ந்தது தோப்பும்படியில். உன்னைப் பற்றிச் சொல் என்றதும் உற்சாகமாக ஆரம்பித்தான்.

"இப்போ எங்களுக்கு அவதி. அவதி தொடங்கின உடனே நேரா இங்க வந்துட்டேன். ரெண்டு மாசம் அவதியல்லவா, நல்ல ரசமா, ஜாலியா இருக்கும்."

மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. இங்கே தமிழ் பேசுகிற எல்லார் வாயிலும் அது விடுமுறைதான். பொறுப்பாளர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அலுவலகத்தில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். "ரெண்டு மாசம் அவதியாம்! நமக்குத்தான்யா அவதி!" அன்றிலிருந்து அவனுக்கு 'அவதி கார்த்திக்' என்று பெயர் வைத்தார். பையனும் கூடவே சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு மைக் பக்கமே போகவில்லை. குரல்களைக் கலந்து அனுப்புகிற மேசை இருக்கிறதே, அங்கே போய் உட்கார்ந்துகொண்டான். தொட்டுத் தொட்டு அதைக் கற்றுக்கொண்டான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரே வார்த்தைக்குத் தமிழ்நாட்டில் ஒரு பொருளும் இங்கே இன்னொரு பொருளும் இருக்கும் என்பது அந்த மனிதருக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் சிரித்தார். பிறகு நடந்ததைக் கேட்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருத்தி ஷிஃபானா. அப்பாவுக்கு பஜாரில் வற்றல் மிளகாய்க் கடை. அவள் தமிழை மலையாள எழுத்தில் எழுதுவாள். வாசித்தால் சுத்தமான வீட்டுத் தமிழ், தாளைப் பார்த்தால் முழுக்க மலையாளம். பொறுப்பாளர் அவள் தாளைத் தூக்கிப் பிடித்து, "என்னம்மா இது, ஜிலேபி பிழிஞ்சு வச்சிருக்க?" என்பார். அவள் அசர மாட்டாள். "வாயிச்சா தமிழ்தான் சார், வாயிச்சுக் காட்டட்டா?" என்று வாசித்தும் காட்டுவாள். அவர் கேட்பதற்கு நிற்க மாட்டார்.

பயிற்சி என்று பெயர். பிள்ளைகள் செய்தது என்ன தெரியுமா? சாயா வாங்கி வந்தார்கள், விருந்தினருக்கு நாற்காலி போட்டார்கள், நிலையத்தின் பேஸ்புக் படத்துக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டினார்கள். ஒரு செய்தி எடுத்து வருகிறோம் என்று கேட்டால், பார்க்கலாம் என்ற பதில்தான் வரும். ஷிஃபானா அந்தப் 'பார்க்கலாம்' சொல்லும்வரை காத்திருக்கவில்லை. அவளே போய் ஒரு செய்தியைக் கொண்டுவந்தாள்.

படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பண்டகசாலை, இங்கே பாண்டிகசாலை என்பார்கள். கீழே ஒரு காலத்தில் சுக்கும் அரிசியும் அடுக்கியிருந்தது. மேலே தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. கட்டடத்தைப் புதிதாக வாங்கியவர் அதைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஹோட்டலாக்கப் போகிறார். எல்லாரும் வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று அவருடைய ஏஜென்ட் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அங்கே இருப்பவர்களில் ஒருவர் மரியம்பீ மாமி. பத்திரி என்கிற அரிசி ரொட்டி சுட்டு சாயாக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். ஷிஃபானா வீட்டுக்குப் பின்தெருதான். அவள் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு போய் மாமியைப் பேச வைத்தாள். மாமி பேசியது இதுதான்:

"எங்க வாப்பா பொறந்தது இந்த மாடில. என் மக்க பொறந்ததும் இங்கதான். இங்க இருக்கறதுக்கு எங்களுக்கு அவகாசம் உண்டு. எங்க அவகாசம் எங்களுக்கு வேணும், அத விட்டுட்டு நாங்க எங்கயும் போக மாட்டோம்."

மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. மாமி சொன்னது உரிமை. ஷிஃபானா எழுதியதும் உரிமைதான்: 'பாண்டிகசாலைக் குடும்பங்கள் அவகாசம் கேட்கிறார்கள்.' தமிழ்நாட்டில் அதே வார்த்தைக்கு நேரம், தவணை என்று பொருள் உண்டு என்பதை அந்தப் பெண் கேள்விப்பட்டதே இல்லை. எங்கிருந்து கேட்டிருப்பாள்?

அன்று நான் களமசேரியில் ஒரு தொழிற்சாலை வாசலில் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். நிலையத்தில் பொறுப்பாளர் மட்டும். ஷிஃபானா வாசித்துக் காட்டினாள், வழக்கம்போல அவர் பாதிதான் கேட்டார். மாமியின் பதிவைப் போட்டு இரண்டு நொடி கேட்டுவிட்டு, "இந்தத் தமிழ் யாருக்கும்மா புரியும்?" என்று குரலை முழுதாக எடுத்துவிட்டார். தன் குரலில் ஒரே வரி வாசித்தார்: 'பண்டகசாலைக் குடியிருப்போர் கால அவகாசம் கோரிக்கை.' முன்னால் ஒரு 'கால' சேர்த்தது அவர் கைங்கரியம். வாக்கியம் அழகாக நிற்க வேண்டுமாம்.

இதில் என் வயிறு எரிகிற இடம் இன்னொன்று இருக்கிறது. மறுநாள் ஷிஃபானா துள்ளிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "சேச்சி, என் நியூஸ் வந்துச்சு! சார் எவ்ளோ பங்கியா, அழகா மாத்திருக்காங்க தெரியுமா? காலகாலமா உள்ள அவகாசம்னு அர்த்தம் வர்ற மாதிரி முன்னால ஒரு 'கால' போட்டுருக்காங்க!" நான் அந்த ஒலிபரப்பைக் கேட்டிருக்கவில்லை. அவள் சொன்ன பொருள்தான் என் காதிலும் ஏறியது. தலைமுறை தலைமுறையாக வந்த உரிமை. பரவாயில்லையே, அந்த மனிதருக்கும் கொஞ்சம் அக்கறை இருக்கிறது என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏஜென்ட் தமிழ்க்காரன். அவனுக்கு எந்தக் குழப்பமும் வரவில்லை. வார்டு கவுன்சிலர் முன்னால் இரு தரப்பும் பேச உட்கார்ந்தபோது, போனில் எங்கள் ஒலிபரப்பைப் போட்டுக் காட்டியிருக்கிறான். கவுன்சிலர் மலையாளி. அவருக்கு இவனே பொருள் சொல்லிக் கொடுத்திருக்கிறான்: "தமிழ்ல இதுக்கு டைம்னு அர்த்தம் சார். ஒழியறதுக்கு சம்மதம்தான், டைம்தான் கேக்கறாங்க. ரேடியோவுல அவங்களே சொல்லியாச்சு. இனி தேதி குறிச்சாப் போதும்." கவுன்சிலரும் சரி, அடுத்த கூட்டத்தில் தேதி வைத்துவிடலாம் என்று எழுந்துவிட்டார்.

மாமி நேராக நிலையத்துக்கு வந்தார். படி ஏறி மூச்சு வாங்க நின்றவர் ஷிஃபானாவைத்தான் தேடினார்.

"ஏன் மோளே, நான் உன்கிட்ட எப்போ டைம் கேட்டேன்? அவகாசம்லா கேட்டேன்!"

"அதுதானே மாமி ரேடியோல வந்துச்சு? அவகாசம்னுதானே வந்துச்சு?"

"அந்த வார்த்தையக் காட்டித்தான் அந்தாளு எங்கள எறக்கப் பாக்கறான். ஒழியறதுக்கு நாங்க சம்மதிச்சாச்சாம். உன்ன நம்பி வாயத் தொறந்ததுக்கு இதா கிட்டினது?"

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு சண்டை போடுகிறார்கள், இரண்டு பேருக்கும் எங்கே தப்பு நடந்தது என்று தெரியவில்லை. நான் ஒலிபரப்பைப் போட்டுக் கேட்டேன். ஒரே வரி. கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஷிஃபானாவை உட்கார வைத்து, தமிழ்நாட்டில் அவகாசம் என்றால் நேரம் என்று சொன்னேன். அவள் அழவில்லை. "அப்போ நான்தான் மாமியோட வீட்டக் கொடுத்துட்டேனா சேச்சி?" என்று மட்டும் கேட்டாள். பதினாறு வயதுப் பெண் கேட்கிற கேள்வியா இது? இந்தக் கேள்வி யார் வாயிலிருந்து வந்திருக்க வேண்டுமோ, அவர் அப்போது உள்ளே ஏசி அறையில் இருந்தார்.

போய்க் கேட்டேன்.

"அவகாசம்னா தமிழ்ல நேரம்தான் சேச்சி. வேணும்னா அகராதியைப் பாருங்க" என்றார்.

"மாமி அகராதில குடியிருக்கல சார். பாண்டிகசாலைல குடியிருக்காங்க. அவங்க பேசினதை முழுசாக் கேட்டீங்களா?"

"கேட்டா மட்டும் புரியவா போகுது? இந்தப் பசங்க தமிழே தமிழ் இல்ல."

புரியாததால் குரலை எடுத்தார். குரலை எடுத்ததால் பொருள் மாறியது. அதற்கும் குற்றம் பிள்ளைகள் தமிழின்மேல்! மாமியின் பதிவை அப்படியே ஒலிபரப்பி, தவறு எங்களுடையது என்று சொல்லிவிடலாம் என்றேன். ஒரு நிமிட வேலை. எனக்குத் தொழில் சொல்லித் தந்த மனிதர் ஒருவர் இருந்தார், ஓர் ஊரின் பெயரைத் தப்பாக உச்சரித்துவிட்டால்கூட அடுத்த பாட்டை நிறுத்திவிட்டுத் திருத்துவார். கேட்கிறவனுக்கு நாம் தருவது சரியான செய்தி ஒன்றுதான், வேறு என்ன இருக்கிறது நம்மிடம் என்பார். அந்தப் பழக்கத்தில் சொன்னேன். பொறுப்பாளர் மறுத்தார். நிலையம் தப்பு செய்ததாக ஆகிவிடுமாம், அறக்கட்டளைக்காரர்கள் என்ன நினைப்பார்களாம். நிலையத் தலைவரிடமும் போனேன். ஓய்வு பெறப் போகிற நேரத்தில் உங்களுக்கு எதற்குச் சேச்சி இதெல்லாம் என்று சிரித்து அனுப்பினார்.

ஆனால் ஏதாவது செய்தாக வேண்டுமே. மாமி குடும்பத்தார் கீழே வாசலில் நின்று சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள். பொறுப்பாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். பயிற்சியின் கடைசி நாள் 'எங்கள் கோடை அனுபவங்கள்' என்று ஒரு நேரலை. பிள்ளைகள் ஒவ்வொருவரும் வந்து தாங்கள் கற்றதைச் சொல்ல வேண்டும். அறக்கட்டளைக்காரர்கள் கேட்பார்கள். அதில் ஷிஃபானா ஒரு மன்னிப்பு வாசிப்பாள். அவரே எழுதிக் கொடுத்தார்: 'பயிற்சி மாணவியான எனது மொழிப் பிழையால் ஏற்பட்ட குழப்பத்துக்கு மனம் வருந்துகிறேன்.' அவ்வளவுதான். மாமி கேட்டது உரிமை என்று அதில் ஒரு சொல் கிடையாது. பழி அந்தப் பெண்ணின் தலையில், வீடு போவது மாமிக்கு, நிலையத்தின் பெயர் மட்டும் பத்திரம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கோழைத்தனம் பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் பின்னால் ஒளிந்துகொண்ட பெரிய மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

மற்றப் பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். தன்னம்பிக்கை கற்றேன், நேரம் தவறாமை கற்றேன் என்று. சாயா வாங்கப் போனதில் நேரம் தவறாமையைக் கற்றிருக்கலாம், மறுக்க மாட்டேன்.

நேரலை நடந்தபோது மைக் இருக்கும் அறைக்கு வெளியே நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மேசையில் கார்த்திக். அவன் பின்னால் பொறுப்பாளர். பிள்ளைகள் எடுத்த பதிவுகளை நிகழ்ச்சியில் நடுநடுவே அலங்காரமாகப் போடுவதற்குக் கார்த்திக் வரிசையாக ஏற்றி வைத்திருந்தான். மாமியின் பதிவும் அதில் இருந்தது. அதைத் தொடக் கூடாது என்று உத்தரவு.

ஷிஃபானா உள்ளே போவதற்கு முன் பொறுப்பாளர் அவள் தாளை வாங்கிப் பார்த்தார். "நான் எழுதிக் கொடுத்தது எங்கே?"

"எனக்கு மலையாள எழுத்துல இருந்தாத்தான் சார் தடங்கல் இல்லாம வாயிக்க வரும். எழுதி எடுத்துட்டேன்."

அவர் தாளை மேலும் கீழும் பார்த்தார். ஓர் எழுத்து தெரிந்திருந்தால் அங்கேயே கிழித்திருப்பார். "உன் ஜிலேபி உனக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

அவள் மைக் முன்னால் உட்கார்ந்தாள். தாளைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தாள்.

"என் பேரு ஷிஃபானா. இந்த வேனல் அவதில நான் ஒரே ஒரு வார்த்தை படிச்சேன். அவகாசம். எங்க வீட்டுல, எங்க தெருவுல அவகாசம்னா உரிமை. தமிழ்நாட்டுல அவகாசம்னா டைம். எனக்கு அது தெரியாது. மரியம்பீ மாமி சொன்னத நான் அப்படியே எழுதிக் கொடுத்தேன். ரேடியோல அதுக்கு முன்னால ஒரு 'கால' வந்து ஒட்டிடுச்சு, மாமியோட சப்தம் இல்லாமப் போயிடுச்சு. மாமி டைம் கேக்கல. ஒழிஞ்சு போறோம்னு சொல்லவே இல்ல."

பொறுப்பாளருக்கு அப்போதுதான் உறைத்தது. கார்த்திக்கின் தோளைத் தட்டி, குரலை இறக்கு என்று கையைக் காட்டினார். பிறகு கத்தினார்: "இறக்குடா! அவதி, இறக்கு!"

கார்த்திக் ஒரு கணம் என் பக்கம் திரும்பினான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே முடிவு செய்துவிட்டான். ஒரு கையால் அவள் குரல் போகிற பொத்தானை மூடிப் பிடித்துக்கொண்டான், யாரும் தொடாதபடி. இன்னொரு கை மாமியின் பதிவுக்குப் போனது. அவன் விரல் எங்கே போகிறது என்று உள்ளேயிருந்த ஷிஃபானா பார்த்தாள்.

"மாமி, நீங்க சொன்னத நீங்க சொன்ன மாதிரி நாங்க கேக்க வைக்கல. மாப்பு தரணும். இப்போ கேக்க வைக்கறோம்."

மரியம்பீ மாமியின் குரல் ஒலிபரப்பில் போனது. எங்க வாப்பா பொறந்தது இந்த மாடில என்று தொடங்கி, எங்கயும் போக மாட்டோம் என்பதுவரை. ஒரு மூச்சுகூட வெட்டவில்லை. நான் எழுந்து போய்ப் பொறுப்பாளருக்கும் மேசைக்கும் நடுவில் நின்றுகொண்டேன். நான் செய்தது அவ்வளவே. மற்றதெல்லாம் அந்த இரண்டு பிள்ளைகள் செய்தது.

தொழிலுக்கு வந்திருக்கும் உங்களிடம் இதைத்தான் கேட்கிறேன். புரியவில்லை என்றால் கேளுங்கள். பேசினவரிடமே போய், நீங்கள் சொன்னதற்கு இதுதானா பொருள் என்று கேளுங்கள். அதற்கு வெட்கப்படுகிறவருக்கு இந்த வேலை வேண்டாம். ஒருவர் குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உங்கள் குரலை வைக்கிறீர்கள் என்றால், அவர் வீட்டுச் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம். தொலைத்துவிட்டு, சாவி கொடுத்தது பயிற்சிக்கு வந்த பெண்தான் என்று கை காட்டாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு மாமி இந்த ஒலிபரப்பைப் போனில் கொண்டுபோனார். மலையாளியான கவுன்சிலருக்கு அவகாசம் என்ற வார்த்தைக்கு யாரும் பொருள் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. தேதி குறிக்கவில்லை. வழக்கு கோர்ட்டுக்குப் போயிருக்கிறது, முடியவில்லை. மாமி இன்னும் அந்த மாடியில்தான் பத்திரி சுடுகிறார்.

பயிற்சி முடித்த பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். கார்த்திக்குக்கும் ஷிஃபானாவுக்கும் கொடுக்கவில்லை. ஒழுங்கை மீறிவிட்டார்களாம்! அந்தக் கோடையில் அந்த மாடியில் பத்திரிகை வேலை என்று ஒன்று நடந்திருந்தால், அது அந்த இரண்டு பேர் செய்ததுதான்.

ஷிஃபானா பேசாமல் இருந்துவிடத்தான் நினைத்திருந்தாள். மாமிதான் விடவில்லையாம். "சர்டிபிக்கட் கிட்டலையா? மழையும் வெயிலும் பாக்காம ஓடினதுல்லா நீ? அது உன்னோட அவகாசம் மோளே. போய்க் கேளு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் ஓய்வு பெற்ற அன்று மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன். ஷிஃபானா படியேறி வந்தாள், பின்னால் கார்த்திக். நேராகப் பொறுப்பாளரின் அறை வாசலில் போய் நின்று, எங்கள் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அதெல்லாம் உடனே ஆகாதும்மா. கொஞ்சம் அவகாசம் கொடு."

ஷிஃபானா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதத்தான் சார் நானும் கேக்க வந்தேன்."